கம்மாய் வற்றும் மாசம்

கரிசக்காட்டுக்காரனிடம் மீன் என்று சொல்லிப் பாருங்கள், அவன் நாக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதென்று தெரியும். தூத்துக்குடிக் கடல் ஒரு மணி நேர பஸ் தூரம்தான். விடிந்தால் சாளை மீன் சைக்கிளில் வந்துவிடும். வாங்குவோம், தின்போம். ஆனால் வருஷம் பூராவும் காத்துக் கிடந்தது கம்மாய் மீனுக்குத்தான். மதுரை ரோட்டில் எப்போதும்வென்றான் விலக்கில் இறங்கி நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் பக்கம் பெய்தாலே பெரிசு. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான். முதல் மழையைப் பூராவும் கரிசல் வெடிப்புகளே குடித்துவிடும். அதற்கு மேல் பெய்வதுதான் ஓடையில் கலங்கலாக இறங்கும். அன்றைக்கு ராத்திரி தவளைச் சத்தத்தில் தூக்கம் வராது. விடியுமுன்னே பையன்கள் துண்டும் கையுமாக ஓடையில் நிற்போம். புதுத்தண்ணியை எதிர்த்து, வயிறு உப்பிய கெண்டையும் கெளுத்தியும் ஏறும். கைக்கெட்டும் தூரம்.

அங்கேதான் கம்மாய் மடையைத் திறந்து அடைக்கும் மடைத் தாத்தா கம்போடு வருவார். "பிள்ளத்தாச்சிடா அது! தொட்டா கம்மாய்க்கரை அம்மன் கண்ணை அவிச்சிருவா!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்கு. கொஞ்ச நாளில் கரையோரம் விரால் குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக மிதக்கும், அடியில் தாய் தகப்பன் காவல். அந்த நேரம் தூண்டில் போடுகிறவனோடு தாத்தா பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு எந்த ஆபீசும் உத்தரவு போடவில்லை. களத்தில் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி. மீனுக்குக் காவல் நின்றதற்குத் தனிக் கூலி கிடையாது.

தை பிறந்தால் தண்ணி பின்வாங்கும். ஈரம் காயாத உள்வாயில் வெள்ளரி போடுவார்கள். நாரையும் உள்ளானும் வந்து இறங்கும். பாசி காயும் வாடை தெருவரைக்கும் வரும், அதை முகர்ந்தே பாட்டிமார் நாள் கணக்குச் சொல்வார்கள். முழங்கால் தண்ணிக்கு வந்ததும் ஒருநாள் ஊர்ச்சாட்டு. மறுநாள் கிழக்கு வெளுக்குமுன் கரை நிறைய ஜனம், வெளியூர் மாமன் மச்சான் உட்பட. சாமி கும்பிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் ஒரே இறக்கம்! ஊத்தாக் கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் வழுக்கிக்கொண்டு ஓடுவது விரால், சுரீரென்று குத்துவது கெளுத்தி. சிக்கின மீனை விற்கக் கூடாது. அன்றைக்கு எந்த வீட்டைக் கடந்தாலும் மீன் கொதிக்கும் வாடைதான். மீன் சிக்காத வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு போய்விடும். சொரசொரக் கல்லில் சாம்பல் போட்டு எவ்வளவு உரசினாலும் மிச்சம் நிற்கும் அந்தச் சேத்து வாடை. மறுநாள் கம்மங்கூழுக்கு அந்தக் குழம்பு இறங்கின மாதிரி வேறெதுவும் இறங்கினதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஊத்தா விழாது. மடைப் பள்ளம். அங்கே கிடப்பது விதைமீன். அடுத்த ஐப்பசிக்கு ஓடையில் ஏற வேண்டியது அதுதானே.

மேலூர், சிங்கம்புணரிப் பக்கம் ஊத்தா குத்து இன்னும் நடப்பதை டி.வி.யில் காட்டும்போது வயிறு எரிகிறது. நம் பக்கம் கம்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி ஏலம் வந்தது. ஏலத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் பொதுக்காரியமும் நடந்திருக்கிறது. ஆனால் எடுத்தவன் ஒரு வருஷத்துக்கு எடுத்தான், அடுத்த ஐப்பசி அவன் கணக்கில் இல்லை. லாரியில் கட்லா, ரோகு குஞ்சு வந்து இறங்கியது. 1957-ல் ஒரிசாவில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு முட்டையிடவைத்த கெண்டை ஜாதி. பெரிய வித்தைதான், நாட்டுக்கே சோறு போட்ட வித்தை. ஆனால் அந்த மீன் கம்மாயின் நின்ற தண்ணியில் குஞ்சு பொரிக்காது. வருஷா வருஷம் வாங்கித்தான் விட வேண்டும். அப்புறம் எதற்கு விதைமீன்? டீசல் எஞ்சினை மடைப் பள்ளத்திலேயே இறக்கி, கடைசிச் சொட்டுவரை இறைத்து வாரினார்கள். நாட்டு ரகம் போன இடத்தை ஜிலேபிக் கெண்டை பிடித்துக்கொண்டது. 1952-லேயே இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த சாதி அது. 2000-ல் அரசாங்கம் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எங்கெங்கோ பண்ணைகளிலிருந்து குளங்களுக்குத் தப்பி வந்துகொண்டுதான் இருக்கிறது.

உள்வாய் முழுக்க இப்போது சீமைக்கருவேலம்; வெள்ளரிக்கு இடமில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, மாவட்டத்தில் எத்தனையோ குளம் உடைந்ததே, அப்போது நம் ஓடையிலும் தண்ணி முட்டி வந்திருக்கும். எதிர்த்து ஏற என்ன மீன் மிச்சம் இருந்ததோ.

போன தடவை கோவில்பட்டிச் சந்தையில் தொட்டிக்குள் விரால் துள்ளிக்கொண்டிருந்தது. எந்தக் கம்மாய் மீன் தம்பி என்று கேட்டேன். கடைக்காரப் பையனுக்குக் கோபமே வந்துவிட்டது. "சுத்தமான வளர்ப்பு விரால் அண்ணாச்சி. கம்மாய் மீனெல்லாம் சேத்து வாடை அடிக்கும், நாங்க வாங்குறதே இல்ல."