61 கிலோவில் யார் பெரியவர்?

லைட்வெயிட் என்றால் 135 பவுண்டு. சுமார் 61 கிலோ. வாசலூர்பட்டியில் மிளகு மூட்டை தூக்கும் பசங்களில் பலர் அந்த எடைதான்.

என் முதலிடம் ராபர்டோ டுரானுக்கு. 1972இல் வென்ற பட்டத்தை 1979 வரை விடவில்லை. "1980ல லியோனார்டுகிட்ட பாதியில போதும்னு திரும்பிட்டவருதானடா?" என்பான் நண்பன். அது வெல்டர்வெயிட் சண்டை. அந்தக் கடனை இந்தக் கணக்கில் எழுதக்கூடாது.

ஜோ கான்ஸ் பெயரைச் சொன்னால்தான் தயங்குவேன். 1906இல், நெவாடாவில், நெல்சனோடு 42 ரவுண்டு நின்று ஜெயித்த கறுப்பினத்தவர். அது இன்றும் தெரிகிறதென்றால், யாரோ ரவுண்டு ரவுண்டாக எழுதிவைத்ததால்தான்.

வடசென்னையின் சார்பட்டா, இடியாப்ப பரம்பரைச் சண்டைகளோ பெரும்பாலும் வாய்ப்பேச்சில் வாழ்ந்தவை. 2021இல் ரஞ்சித்தின் படம் வந்தபிறகுதான் மலைமேல் எங்களுக்கே அந்தப் பெயர்கள் தெரிந்தன. தரவரிசை என்பது ஏட்டில் ஏறியவர்களுக்குள் மட்டும் நடக்கிற போட்டி. அதனால் டுரானுக்கு மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.