கிராணியின் விளக்கு

சலவைத் தொழிலாளரால் பெயர் பெற்ற டோபி காட்டில், சென்ற கிழமை, விளக்குக் கடையொன்றினுட் புகுந்தோம். "எத்தனை லூமன் வேண்டும்?" என்றார் கடைக்காரர்.

நேயர்களே, அவ்வினா நமது பிழையொன்றை நினைவூட்டிற்று. சென்ற மழைக்காலத்து நள்ளிரவில், நம் தோட்டத்துக் குழந்தையொன்றுக்கு வலிப்புக் கண்டது. சாலையை வெள்ளம் மூடிவிட்டமையின், அடுத்த தோட்டத்து டிரெசரை அழைத்துவரக் காட்டுப் பாதையில் ஓடினோம். நெற்றியிற் கட்டிய 1000 லூமன் விளக்கு மூடுபனியிற் பட்டு நம் கண்களையே கூசச் செய்தது. வேரும் பள்ளமும் வேறுபாடின்றித் தோன்ற, இடறி வீழ்ந்தோம்.

உடன் வந்த பால்மரம் வெட்டும் முதியவர், "கிராணி ஐயா, விளக்கை இடுப்புக்கு இறக்குங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம், வழி தெளிந்தது. குழந்தையும் பிழைத்தது.

காரணம் யாதெனில், கண்ணருகே உள்ள ஒளி நிழலைப் பொருளின் பின்னே மறைத்துவிடும். தாழ்ந்த ஒளியோ நிழலை நீட்டி மேடுபள்ளங் காட்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடுவோன் நொடிக்கு ஏறக்குறைய 9 அடி கடப்பான். அவன் காண வேண்டியது தன் முன்னுள்ள சில அடி நிலமேயன்றி வானமன்று.

ஆங்கிலம் கற்ற நாம் விலையைப் பார்த்து வாங்கினோம். நாடோறும் இருளில் உழைப்பவரைக் கேட்டிலோம். இம்முறை, ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் இடுப்பு விளக்கொன்றையே கேட்டு வாங்கினோம்.