தோலுக்கடியில் நூறு மில்லி

பிப்ரவரி 3

எங்கள் பூனை ராக்குவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிரியாட்டினின் 3.6. சிறுநீரின் அடர்த்தி 1.014; நல்ல கிட்னி உள்ள பூனைக்கு அது 1.035-க்கு மேல் இருக்கும். எடை 3.1 கிலோ. போன வருடம் தடுப்பூசிக்குப் போனபோது 4 கிலோ இருந்தவள். ‘நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை’ என்று டாக்டர் சீட்டில் எழுதினார். மொத்தம் நான்கு நிலைகள். கிரியாட்டினின் 2.9-லிருந்து 5 வரை மூன்றாவது.

“குணமாகுமா டாக்டர்?” என்றார் அப்பா.

“ஆகாதுங்க ஐயா. போனது திரும்ப வராது. இருக்கிறதை வச்சு நல்லா வாழ வைக்கலாம். அது உங்க வீட்டுலதான் நடக்கணும், இங்க இல்ல.”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மழையில், மாடிப்படிக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியை எடுத்துவந்து ராக்காயி என்று பேர் வைத்தவர் அவர்தான்.

பிப்ரவரி 4

தூக்கம் வரவில்லை. டாக்டர் படம் போட்டுச் சொன்னதை மறக்கும் முன் எழுதிவைக்கிறேன்.

பூனையின் ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய இரண்டு லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டிகள். நமக்குப் பத்து லட்சம் வரை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப்பூனை. இரையின் உடம்பில் இருக்கும் ஈரத்தை வைத்தே பிழைத்து, சிறுநீரைக் கெட்டியாக்கி, தண்ணீரை வீணாக்காமல் வாழ்ந்த இனம். பூனைக்குத் தாகம் குறைவாக இருப்பது அதனால்தான். மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் அழிந்த பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போகிறது. நிறையப் போகிறது, அதை ஈடுகட்ட நிறையக் குடிக்கிறது. கிரியாட்டினின் ஏறவோ நான்கில் மூன்று பங்கு போயிருக்க வேண்டும். தாளில் எண் தெரிகிற அன்று ராக்குவிடம் மிச்சம் இருப்பது கால்வாசிதான், அதற்கும் குறைவாகவே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டுதான் நேற்றுக்கூட மதில் ஏறிக் குதித்தாள்.

பிப்ரவரி 8

தோலுக்கடியில் நீர் ஏற்ற டாக்டர் கற்றுக்கொடுத்ததை இன்று வீட்டில் செய்தோம்.

ரிங்கர் லாக்டேட், சுருக்கமாக ஆர்.எல். மனிதர்களுக்கு ஏற்றுகிற அதே 500 மில்லி பாட்டில், அதே டியூப். சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கிடைக்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் கலந்ததை மறந்தும் வாங்கக் கூடாது என்று டாக்டர் அடிக்கோடு போட்டிருக்கிறார். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன். சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஜன்னல் கம்பியில் மாட்டி, டியூபில் இருந்த காற்றை வெளியே விட்டேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்து ராக்குவை வைத்துக்கொண்டார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலை இரண்டு விரலால் தூக்கினால் கூடாரம்போல் நிற்கும். அதன் அடியில், உடம்புக்கு இணையாக ஊசியைச் செலுத்த வேண்டும். தோலைத் தாண்டும்போது லேசாக ஒரு தடை, அப்புறம் வழிவிடும். திருகியைத் திறந்ததும் நீர் இறங்க ஆரம்பித்தது. ராக்கு காதைப் பின்னால் மடக்கினாள், அவ்வளவுதான். “முடிஞ்சிரும்த்தா, முடிஞ்சிரும்” என்று அப்பா அவள் தாடையைச் சொறிந்துகொண்டே இருந்தார். பாட்டிலில் நூறு மில்லி இறங்கியதும் மூடினேன். ஊசி போன இடத்தை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன்.

முதுகில் முட்டைபோல ஒரு வீக்கம் நின்றது. நடக்க நடக்க அது முன்னங்காலுக்குச் சரிந்தது. பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ராத்திரிக்குள் உடம்பு எடுத்துக்கொண்டது. இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இவ்வளவு நீர் ஆபத்து. அதனால் தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே போன் செய்ய வேண்டும். இன்று இருபத்திரண்டு.

பிப்ரவரி 20

சாப்பாடுதான் பெரும்பாடு. கிட்னி நோய்க்கென்று விற்கும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, புரதம் அளவோடு. பாஸ்பரஸை வெளியேற்ற முடியாத உடம்பில் அது சேரச் சேர, மிச்சமுள்ள நெஃப்ரான்களும் சீக்கிரம் போய்விடும். தர்க்கம் எல்லாம் சரி. நெத்திலிக் கருவாட்டில் வளர்ந்தவளுக்கு அதை யார் சொல்வது? புது உணவை முகர்ந்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போனாள்.

பழைய சாப்பாட்டில் ஒரு விரல்நுனி அளவு புதியதைக் கலந்து மெல்ல மெல்லக் கூட்டிவருகிறோம். டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடுவது முக்கியம். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ப் படியும், கிட்னியை முந்திக்கொண்டு அது கொன்றுவிடும். ஆகவே நல்ல உணவைக் கொடுத்துப் பட்டினி போடுவதைவிட, வேகவைத்த கோழி இரண்டு துண்டு மேல்.

காலையில் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கிவைத்து, “என்னத்தா, பூனை விரதமா? கருவாடே வாங்கலியே” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “வாயில்லா ஜீவன், சொல்லத் தெரியாதே” என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 6

ராக்குவுக்கு ரத்த அழுத்தம் 190. கிட்னி கெட்டால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் கிட்னி இன்னும் கெடும். பார்க்காமல் விட்டால் விழித்திரை பிய்ந்து ஒரே ராத்திரியில் பார்வை போகும் பூனைகள் உண்டு.

மருந்து அம்லோடிபின். அப்பா பல வருடமாகப் போட்டுக்கொள்கிற அதே மாத்திரை. அவருக்கு 5 மில்லிகிராம், அவளுக்கு 0.625. 2.5 மில்லிகிராம் மாத்திரையை நான்காக்கினால் சரியாக வருகிறது. அப்பா செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது பிளேடால் வெட்டினார். ஒரு துண்டு பொடிந்துவிட்டது. அளவு தெரியாது என்று அதைத் தூரப் போட்டார். மாத்திரை கொடுத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சில் இரண்டு மில்லி தண்ணீர் வாயோரம் விட வேண்டும், இல்லாவிட்டால் பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். காலை ஏழு மணிக்கு அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

மார்ச் 17

ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், தெரியும். சித்தி நெருஞ்சில் கஷாயம் என்றார். தெருக்கோடியில் ஒருவர், காலைத் தாங்கி நடக்கிறதே, வலி மாத்திரையில் பாதி கொடுங்கள் என்றார். இரண்டையும் கொடுக்க மாட்டேன். சில மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதாது. பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். நம் நாட்டில் கழுகுகள், பாறுகள் என்று நாம் சொல்கிறவை, கூட்டம் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபெனாக்தான். செத்த மாட்டைத் தின்ற பறவைகளின் கிட்னி செயலிழந்தது. 2006-ல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். வலி மாத்திரையும் கிட்னியும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கல்யாண வீட்டுப் பூங்கொத்தில் லில்லி இருந்தது. வாசலிலேயே எடுத்துப் போட்டேன். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் கிட்னி போய்விடும்.

ஏப்ரல் 2

மோசமான நாள். கிண்ணத்தின் முன்னால் வந்து உட்காருகிறாள், உதட்டை நக்குகிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பசி இருக்கிறது, குமட்டல் விடவில்லை. மதியம் தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி நடந்தாள். அப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது.

பொட்டாசியம் 2.8. சிறுநீரோடு ஓடிவிடுகிறதாம். கழுத்துத் தசை முதலில் தளருமாம். பொட்டாசியம் பொடியும், குமட்டலுக்கு ஊசியும், பசிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மிர்டாஜபினில் ஒரு சிறு துணுக்கும் ஆரம்பித்திருக்கிறோம்.

ஏப்ரல் 6

தலை நிமிர்ந்துவிட்டது. கோழித்துண்டைத் தானே தின்றாள்.

ஏப்ரல் 19

ஜப்பானில் டோரு மியாசாகி என்ற மருத்துவ ஆய்வாளர், பூனைகளுக்கு ஏன் இத்தனை கிட்னி நோய் என்று 2016-ல் ஒரு விளக்கம் கொடுத்தார். கிட்னியில் தேங்கும் செத்த செல்களை அப்புறப்படுத்த ஏஐஎம் என்ற புரதம் உதவ வேண்டும். பூனையின் ரத்தத்தில் அது வேறொரு பெரிய புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், தேவைப்படும்போது பிரிந்து போய் வேலை செய்வதில்லை. அதை மருந்தாகக் கொடுக்க முடியுமா என்று பார்த்துவந்தார். 2021-ல் ஆராய்ச்சிக்குப் பணம் நின்றுபோனது தெரிந்ததும், ஜப்பானியப் பூனைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை அனுப்பினார்கள். எங்கேயோ முகம் தெரியாத ஊரில் என்னைப் போலப் பாட்டிலை ஜன்னலில் மாட்டியவர்கள். ராக்குவுக்கு அந்த மருந்து வந்து சேருமோ என்னவோ, அவர்களுக்கு என் வணக்கம்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். ஊரே வைகைக் கரையில். நாங்கள் போகவில்லை. வெயில் தாங்கவில்லை, நடுவில் மின்சாரமும் போனது. இந்த வெக்கையில் அவளுக்கு நீர் குறைந்தால் ஒரே நாளில் எல்லாம் சரிந்துவிடும். சமையலறை, கட்டிலடி, மாடிப்படி, துளசி மாடம் என்று இடத்துக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் போடாத கோழித் தண்ணீரை அப்பா நேரத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய் வைக்கிறார். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

மறுபரிசோதனையில் கிரியாட்டினின் 3.1, ரத்த அழுத்தம் 150, எடை 3.25. டாக்டர் எண்களைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். “இதை விடுங்க. முதுகை நக்கிச் சுத்தம் பண்ணுதா?” என்றார். பண்ணுகிறாள். “அப்ப நல்லா இருக்கா.”

மே 25

எப்போது போதும் என்று முடிவுசெய்வது? அப்பாவும் நானும் இன்று பேசினோம். அவள் நன்றாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது, கலங்கிய மனதில் எடுக்கிற முடிவு அவளுக்காக இருக்காது. கோழியையும் வேண்டாம் என்று, நக்கிக்கொள்வதையும் விட்டு, அப்பாவின் கட்டிலில் ஏறவும் மனமில்லாமல் ஒதுங்கினால், டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்வது. அதுவரை பாட்டில், பிளேடு, மண்சட்டி.

அப்பா சம்மதித்தார். “வலியில கிடக்க விடக் கூடாதும்மா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் பூனை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகர மறுக்கிறது என்று சொல்லி, இந்த நோட்டைக் கேட்டிருக்கிறார். அவருக்கும், இது யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கும்: உங்கள் பூனைக்கு ஏழு வயது தாண்டியிருந்தால் வருடம் ஒருமுறை ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். கையில் பூனையோடு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். எடை குறைந்தாலோ தண்ணீர் அதிகம் குடித்தாலோ அடுத்த வாரம் என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஊசி போடப் பயமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், நானும் அப்பாவும் பக்கத்தில் இருந்து சொல்லித்தருகிறோம்.