தாயிராவின் அடிக்குரல்

பக்கீர்கள் ஏந்தும் தாயிராவின் பெயர் அறபுச் சொல். 'வட்டம்' என்பது பொருள். மரவளையம், ஒரு பக்கம் தோல், கருவி அவ்வளவே. அறபு இசைவாணர் தோலின் நடுவில் விழும் கனத்த அடியைத் 'தும்' என்பர். ஓரத்தடியைத் 'தக்' என்பர். பாடுகிறவர் காலூன்றி நிற்பது அந்தத் 'தும்' மீதுதான்.

எங்கள் உத்திரமேரூரில் ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். தேநீர்க்கடை அடுப்பனலில் காட்டி முறுக்கேற்றுவார்கள். அனல் மிஞ்சினால் தோல் வெடிக்கும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். நாம் ஓதிய கிதாபு எதிலும் இல்லை.

மேலைநாட்டாருக்கும் அடிக்குரலால் தொல்லை உண்டு. ஆளுயர டபுள் பேஸின் ஓசை இரைச்சலில் அமுங்கியது. 1951-இல் அமெரிக்கரான லியோ பெண்டர் மின்சார பேஸ் கிட்டாரை வெளியிட்டார். நாம் நுழையாத மதுக்கூடங்களில் வாசிப்போர் அதன் கனத்த ஒலிபெருக்கியையும் தாமே சுமக்கிறார்களாம். நம் பக்கீருக்குத் தோளில் ஒரு பை போதும்.

இங்கோ விருந்து வீடுகளில் கூம்பு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். தாழ்ந்த ஓசையைக் கூம்பு ஏந்தாது. 'தக்' தெருமுனைவரை கேட்கும். 'தும்' முற்றத்திலேயே நின்றுவிடும். அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டில் முதிய பக்கீர் ஒருவர் ஒலிவாங்கியை ஓரமாக நகர்த்திவிட்டு வாசித்தார். பந்தலில் பேச்சு அடங்கிற்று. பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து பாயில் அமர்ந்தனர்.