கல்லறையைத் தொலைத்த பேராலயம்... 640 கி.மீ நடந்து வரும் யாத்ரீகர்கள்!

நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரில், நிட் ஆற்றங்கரையில் இருக்கிறது நிடரோஸ் பேராலயம். 1030-ல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் கொல்லப்பட்ட மன்னர் ஓலாவ், மறு வருடமே புனிதராகக் கொண்டாடப்பட்டார். அவரது கல்லறையின் மேல் 1070-ல் தொடங்கிய கட்டுமானம் முடிந்தது, 1300 வாக்கில். கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல்தான் இதன் முக்கியக் கட்டுமானப் பொருள். மென்மையான கல் என்பதால் சிற்பிகள் நினைத்ததையெல்லாம் செதுக்கினார்கள்.

ஆனால், தீ இதை விடவில்லை. 1327, 1531, 1708, 1719 எனத் திரும்பத் திரும்ப எரிந்தது. 1537-ல் மதச் சீர்திருத்தம் வந்தபோது, ஓலாவின் வெள்ளிப் பேழை கோபன்ஹேகனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு உருக்கப்பட்டது. அவரது உடல் 1568-ல் மண்ணில் புதைக்கப்பட்டது. எந்த இடத்தில் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது!

1814-ல் உருவான அரசியல் சாசனம், மன்னர்களின் முடிசூட்டு விழா இந்த நகரில் நடக்க வேண்டும் என்றது. பாதி இடிந்து கிடந்த ஆலயத்தின் மீது மக்களின் பார்வை திரும்பியது. 1869-ல் தொடங்கிய சீரமைப்பு 2001-ல்தான் நிறைவுபெற்றது.

மேற்கு முகப்பில் வரிசை வரிசையாகச் சிற்பங்கள். கோபுர உச்சியில் நிற்கும் மிக்கேல் தேவதூதரை உற்றுப் பாருங்கள், பாடகர் பாப் டிலனின் முகம் தெரியும். வியட்நாம் போரை எதிர்த்த அமெரிக்கர்களின் அடையாளமாக அவரைக் கருதிய சிற்பி கிறிஸ்டோபர் லெய்ர்டால் செய்த வேலை இது!

ஓஸ்லோவிலிருந்து சுமார் 640 கி.மீ நீளும் பழைய யாத்திரைப் பாதை 1997-ல் மீண்டும் திறக்கப்பட்டது. ஜூலை 29, ஓலாவ் திருநாள். கல்லறை எங்கே என்று தெரியாவிட்டாலும், அவரைத் தேடி இன்னும் நடந்து வருகிறார்கள் மக்கள்.