காஞ்சியில் காணாத பூச்சி

காஞ்சீபுரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் ஏகாம்பரநாதர் ஆலயத்து மாமரத்தை வலம் வருவார்கள்; வரதராஜர் சந்நிதியில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுவார்கள்; திரும்பும்போது ஒரு பட்டுப் புடவையும் வாங்குவார்கள். அந்தப் புடவைக்கு மூலகாரணமான பூச்சியை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீடுகளுக்குள்ளிருந்து தறியின் ஓசை கேட்கும். உடலுக்கு ஒரு வர்ணம், கரைக்கு வேறு வர்ணம். மூன்று நாடாக்களைக் கொண்டு இருவர் சேர்ந்து இரண்டையும் பிணைத்து நெய்வதற்குக் 'கோர்வை' என்று பெயர். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது இதனால்தான். ஆனால் பட்டு நூலோ பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பட்டுப் புழு வளர்க்கிறார்கள்.

தாய்ப் பூச்சி ஒன்று சுமார் 400 முட்டைகள் இடும். பத்து நாளில் எறும்பு போல் கறுத்த சிறு புழுக்கள் வெளிவரும். இரவு பகலாக முசுக்கொட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, நான்கு வாரத்துக்குள் சுமார் 10,000 மடங்கு எடை கூடிவிடும். பிறகு உணவை மறந்து, இரண்டு மூன்று நாள் தலையை அசைத்து அசைத்து, பல நூறு கஜ நீளமுள்ள ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது.

விட்டுவிட்டால், சுமார் பன்னிரண்டு நாளில் பூச்சியாகிக் கூட்டை நனைத்துத் துளைத்து வெளிவரும். அப்போது இழை அறுந்து போகும். ஆகையால் அதற்கு முன்பே கூட்டுக்குள் இருக்கும் உயிரை வெப்பத்தால் மாய்த்து, கூட்டை வெந்நீரிலிட்டு நூல் எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும்.

முட்டைக்காகப் பிழைக்க விட்ட பூச்சிகளின் பாக்கியமும் பெரிதன்று. வெண்மையான உடல்; சிறகுண்டு, பறக்க முடியாது; வாயால் உண்ணவும் முடியாது. சில நாளில் முட்டையிட்டு மடியும். சீன தேசத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்கள் மனிதன் வளர்த்த வளர்ப்பு, அதன் பறக்கும் சக்தியையே பறித்துவிட்டது.

அதன் உறவினமான டஸர்ப் பூச்சி இன்னும் நம் நாட்டு வனவாசிதான். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிஸா வனங்களில் மருது, கருமருது, சால் மரங்களின் இலைகளைத் தின்று வளர்கிறது. கெட்டியான கூடு, காம்புள்ள காய் போல் கிளையில் தொங்கும். மஞ்சளும் பழுப்புமான அகன்ற சிறகு ஒவ்வொன்றிலும் கண்ணாடி பதித்தாற்போல் ஒரு வட்டம். இதுவும் உண்பதில்லை, ஆனால் இரவில் பறக்கிறது!

பட்டு நகரமான காஞ்சியிலேயே, காமகோடி பீடத்து ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் (1894-1994), உயிர்வதையைக் கருதிப் பட்டை விடும்படி பக்தர்களுக்குச் சொல்லி வந்தார். பூச்சி வெளியேறிய பிறகு எடுக்கும் 'அஹிம்சைப் பட்டு'ம் உண்டு. ஆனால் அறுந்த இழையைப் பஞ்சு போல் நூற்க வேண்டியிருப்பதால், காஞ்சிப் பட்டின் பளபளப்பு அதில் வராது.

பட்டே வேண்டாம் என்போமானால், தறியை நம்பிய குடும்பத்தின் அடுப்பு என்னாவது? வேண்டும் என்போமானால், அந்தக் கூட்டுக்குள் உறங்கிய உயிர்? சுலபமான விடை இல்லை. பாட்டியின் கூறைப் புடவையைப் பேத்தியும் உடுத்துவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆண்டுக்கொரு புடவை எடுப்பதைவிட, அந்த வழக்கமே பூச்சிக்கும் நெசவாளியின் உழைப்புக்கும் நாம் செய்யும் மரியாதை.