சிங்கராஜாவில் மெதுவாக நடப்பது

முதன்முதலா ஹைக்கிங் போக ஆசைப்படுற ஆக்கள் பெரும்பாலும் எல்லவுக்கோ சிவனொளிபாத மலைக்கோதான் போகினம். இரண்டும் நல்ல இடங்கள்தான், ஆனால் அங்கே படியும் சனமும்தான் அதிகம். காட்டுக்குள் நடப்பது எப்படியிருக்கும் என்று அறிய விரும்புபவர்களுக்கு நாங்கள் சொல்வது சிங்கராஜா, அதுவும் குடாவ வாசல். இரத்தினபுரியிலிருந்து கலவானை, பிறகு வெத்தாகல, பிறகு குடாவ. பஸ்ஸில் நசிபட்டுப் போவதுதான் முழுப் பயணத்திலும் கஷ்டமான பகுதி.

குடாவ வாசலில் டிக்கெட் எடுத்து, வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே போகலாம். தொடங்குபவர்களுக்கு வத்துராவப் பாதை போதும். ஐந்து கிலோமீட்டரும் இல்லை. கொஞ்சம் தெம்பிருந்தால் மவுலவெல்ல, ஏழரைக் கிலோமீட்டர், உச்சி 760 மீட்டர். சிங்ககல 14 கிலோமீட்டர், அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கோ. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. குறைவு எண்டால் இல்லையெண்டு அர்த்தமில்லை. வருடத்துக்கு 3,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற காடு இது.

அட்டைக்குப் பயந்து பாதிப் பேர் வரமாட்டோம் என்றார்கள். எங்கள் கூட்டத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் எங்களைப் பார்த்துச் சிரித்தபடியே எல்லாருடைய காலிலும் சவர்க்காரம் பூசிவிட்டாள். "எங்க அம்மா கொழுந்து பறிக்கிறப்போ தெனமும் இதுதான். நீங்க காசு கட்டி வந்து கடி வாங்குறீங்க." அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. கடித்தால் பிடுங்கி இழுக்கக் கூடாது, நகத்தால் மெல்லத் தள்ளிவிட வேணும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும்.

உண்மையில் அட்டை பெரிய தடையில்லை. வீட்டில் கேட்பதுதான் தடை. எங்களில் மூன்று பேர் வன்னிப் பிள்ளைகள். அந்த வீடுகளில் காடு என்றால் பங்கர், மண்டையோட்டுப் படம் போட்ட மிதிவெடிப் பலகை, இரவிரவாக நடந்த நடை. "காட்டுக்குள்ள என்னத்தப் பாக்கப் போறியள்?" என்று ஒரு அம்மா கேட்டதில் கோபம் இருக்கவில்லை. உண்மையாகவே அவவுக்கு விளங்கவில்லை. காட்டுக்குள் ஒருவர் விரும்பிப் போவார் என்பது அவவுக்குப் புதுசு.

என்னத்தைப் பார்த்தோம்? பூச்சி பிடிக்கிற பாந்துராக் கொடியின் கெண்டிகள் பாதையோரமாகவே தொங்கின. திடீரென்று மரமெல்லாம் சத்தம்: பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு கடந்துபோயின. சிலம்பன்கள் முன்னால் கலகலத்துக்கொண்டு போக, கரிச்சான்கள் காவல்காரர் மாதிரிப் பின்னால். ஐந்து நிமிஷத்தில் காடு பழையபடி அமைதி. நீல நிறக் கெஹிபெல்லா ஒன்று வாலை மட்டும் காட்டிவிட்டுப் போனது. வழிகாட்டி ஐயா சிங்களத்தில் சொல்லச் சொல்ல எங்களில் ஒருத்தி தமிழாக்கினாள். நவந்த மரத்தடியில் அவளுக்குத் தமிழ் தீர்ந்துபோனது. இங்குள்ள மரங்களில் பாதிக்கு மேல் இலங்கைக்கு மட்டுமே உரியவை, எங்களுக்கோ ஒன்றின் பேரும் வாயில் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

வாசலிலிருந்து உள்ளே போகிற அகலமான பாதைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1970களில் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டை இயந்திரம் வைத்து வெட்டினார்கள். மரம் ஏற்றப் போட்ட ரோட்டுத்தான் அது. எதிர்ப்பு வலுத்து 1977 அளவில் வெட்டுவது நின்றது, 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கியது. லொறி போன தடத்தின் இரு பக்கமும் இப்போது மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது அந்த அம்மா ஓடைப் படத்தில் மட்டும் நின்றா. "தண்ணி குடிக்கலாமோ?" என்று கேட்டா. அவவுக்கு முழங்கால் நோ, மவுலவெல்ல ஏலாது. அந்த லொறி ரோட்டில் பெரிய ஏற்றம் இல்லை. மாசி லீவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமென்று கதைத்திருக்கிறோம்.